போருக்குப் பின் வந்த அரூப அச்சோவியங்கள்: பார்ப்பவர்கள் கேட்கும் கேள்விகள்

போருக்குப் பின் வந்த அரூப அச்சோவியங்களை, அதாவது ஆளையோ பொருளையோ அடையாளம் தெரியும்படி காட்டாத அச்சோவியங்களை, என்னோடு சேர்ந்து பார்த்தவர்கள் திரும்பத் திரும்பக் கேட்ட கேள்விகள் இவை. சிலவற்றுக்கு ஒரு வரியில் பதில் சொல்லிவிடலாம். சிலவற்றுக்கு நிறையப் பேச வேண்டியிருக்கிறது.

அச்சோவியம் அசலா, நகலா?

அசல்தான். ஓர் ஓவியத்தைப் புகைப்படம் எடுத்து அச்சடித்தால் அது நகல். அச்சோவியத்துக்கு முன்னால் அப்படி ஓர் ஓவியம் இருந்ததே இல்லை. கலைஞர் மரப்பலகையைச் செதுக்குவார், செப்புத் தகட்டை அமிலத்தில் அரிக்க விடுவார், அல்லது கல்லின்மேல் கொழுப்பு மையால் வரைவார். அதில் மை ஏற்றி, தாளை வைத்து அழுத்தி, மெல்ல உரித்து எடுக்கும்போதுதான் படம் பிறக்கிறது. அதுவும் இடவலம் மாறி. ஒரே பலகையிலிருந்து இருபது தாள் எடுத்தால் இருபதும் அசல்.

ஒரு விஷயத்தை மட்டும் இங்கேயே மனதில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும். மரத்தில் வெட்டிய இடம் தாளில் வெள்ளையாக வரும், வெட்டாமல் விட்டது மை வாங்கும். செம்பில் நேர்மாறு. கீறிய பள்ளத்தில்தான் மை தங்கும், அதனால் கீறல் கருப்பாக வரும்.

போரைப் பற்றிய படம் என்கிறார்கள். அதில் போரே இல்லையே?

போரை நேராகக் காட்டிய அச்சோவியங்களும் உண்டு, அவையே முந்தியவை. ஸ்பானிய ஓவியர் கோயா 1810 முதல் 1820 வரை நெப்போலியன் படைகளோடு நடந்த போரின் கொடுமைகளைத் தகடு தகடாகச் செதுக்கினார். அவர் 1828-ல் இறந்து 35 ஆண்டுகள் கழித்து, 1863-லேதான் அவை வெளிவந்தன. முதல் உலகப் போரில் பதுங்குகுழியில் கிடந்த ஜெர்மானிய ஓவியர் ஓட்டோ டிக்ஸ் 1924-ல் 50 எட்சிங்குகளை, அதாவது அமிலத்தில் அரித்த தகட்டிலிருந்து எடுத்த பதிவுகளை, வெளியிட்டார். 1914-ல் மகனைப் போரில் இழந்த கேத்தே கோல்விட்ஸ், 1920-களின் தொடக்கத்தில் ஏழு மரவெட்டுகளில் தாய்மார்களையும் பெற்றோரையும் விதவைகளையும் வெட்டினார்.

இந்த டிக்ஸின் ஐம்பதில் ஒன்றைத் தனியாகப் பார்க்க வேண்டும். தோன்த்ரியன் என்ற ஊருக்கு அருகே குண்டு விழுந்து குழி குழியான வயல், இரவில் வெளிச்ச வாணங்களின் ஒளியில் தெரிகிறது. ஆள் இல்லை, மரம் இல்லை. கருப்பில் வெள்ளை வட்டங்கள் மட்டும். தலைப்பை மறைத்துவிட்டால் அது அரூப ஓவியம். போர் ஒரு நிலத்திலிருந்து அடையாளங்களை எல்லாம் துடைத்தெடுத்துவிட்டால், அதை உள்ளபடி வரைந்தாலும் படம் அரூபமாகத்தான் வரும் என்று அதைப் பார்த்தபோது எனக்குப் பட்டது.

இன்னொரு காரணம், போர் விட்டுச் செல்வதில் பெரும்பகுதி கண்ணுக்குத் தெரியாதது. வராத ஆள், இல்லாத வீடு, முடியாத காத்திருப்பு. இதை எப்படி வரைவது? நமக்கு இது புதிதும் இல்லை. பாரி மகளிர் பாடியதாகப் புறநானூற்றில் இருக்கும் ஐந்தடிப் பாட்டை நினைத்துப் பாருங்கள். அந்த மாதத்து நிலவில் எங்களுக்குத் தந்தை இருந்தார், குன்றும் எங்களிடம் இருந்தது. இந்த மாதத்து நிலவில் குன்றைப் பிறர் கொண்டார்கள், தந்தையும் இல்லை. அவ்வளவுதான். வெட்டும் இல்லை, குத்தும் இல்லை. அதே நிலவு, அதே சொற்கள், நடுவில் ஏதோ ஒன்று போய்விட்டது. அச்சுக் கூடத்தில் இதற்கு இணையான ஒன்று உண்டு. மோனோடைப் என்ற முறையில் தகட்டின்மேல் மையாலேயே வரைந்து ஒரு பதிவு எடுப்பார்கள். அப்புறம் மறுபடி மை பூசாமல், மிச்சம் ஒட்டியிருக்கும் மையிலேயே இரண்டாவது தாளை அழுத்தினால் வெளிறிய சாயல் ஒன்று வரும். அதைப் பேய்ப்பதிவு என்பார்கள். முதல் தாளையும் இரண்டாவதையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு அந்தப் பாட்டு நினைவுக்கு வரும்.

சரி, எங்கிருந்து பார்க்கத் தொடங்குவது?

இது எதைக் காட்டுகிறது என்ற கேள்வியைக் கொஞ்சம் தள்ளிவையுங்கள். அந்தத் தகட்டுக்கு, அந்தப் பலகைக்கு என்ன நேர்ந்தது என்று முதலில் கேளுங்கள். இந்தப் பக்கத்தில் ஒன்றே ஒன்றை எடுத்துப் போவதானால் இதை எடுத்துக்கொள்ளுங்கள்.

மரவெட்டு என்றால் உளி போன திசையைத் தேடுங்கள். மரத்தின் ஓட்டத்தோடு போன உளி வழுக்கிக்கொண்டு போகும், குறுக்கே போனது சிராய்த்துக்கொண்டு நிற்கும். வெள்ளைப் பரப்பில் அங்கங்கே சின்னச் சின்னக் கருப்புக் கோடுகள் தெரிந்தால், அவை முழுக்க வெட்டப்படாமல் நின்றுபோன மரத்தின் முகடுகள். சிலர் அவற்றைச் சுத்தமாக எடுத்துவிடுவார்கள், சிலர் வேண்டுமென்றே விடுவார்கள்.

எட்சிங்கில் கலைஞர் செம்பை நேராக வெட்டுவதே இல்லை. தகட்டின்மேல் உள்ள மெழுகுப் பூச்சை ஊசியால் விலக்கிவிட்டு அமிலத்தில் இறக்குகிறார். எவ்வளவு நேரம் கிடக்கிறதோ அவ்வளவு ஆழம். கையை எடுத்த பிறகும் அரிப்பு நடந்துகொண்டேயிருக்கிறது. அடிபட்டது ஒரு நாள், அரிப்பது பல நாள் என்பதைப் போரிலிருந்து மீண்டவர்களுக்கு விளக்க வேண்டியதில்லை. அதனால்தான் அமிலத்தை அளவுக்கு மீறி அரிக்கவிட்ட தகடுகள், ஓரம் சிதைந்து கோடுகள் ஒன்றில் ஒன்று சரிந்த பதிவுகள், எனக்கு மிக நெருக்கமாகத் தெரிகின்றன.

டிரைபாயின்ட் இன்னொரு வகை. அமிலம் கிடையாது, ஊசியால் செம்பையே கீற வேண்டும். கீறலின் ஓரத்தில் உலோகப் பிசிறு எழும்பி நிற்கும், மை அதில் தங்கி வெல்வெட் போன்ற கருப்பைக் கொடுக்கும். அழுத்தப்பொறி ஒவ்வொரு முறை உருளும்போதும் அந்தப் பிசிறு நசுங்கும். பிந்திய பிரதிகளில் கோடு மெலிந்துபோயிருக்கும். திரும்பத் திரும்பச் சொல்லும்போது ஒரு சாட்சியத்துக்கு என்ன ஆகிறது என்று யோசிக்க வைக்கும் முறை இது.

ஆனால் ஒரு எச்சரிக்கை சொல்லியாக வேண்டும். எல்லா எட்சிங்கும் அமிலத்தில் பிறந்ததுதான், பூச்சாடியை வரைந்த எட்சிங்கும். கீறல் இருக்கிறது, ஆகவே காயம் என்று முடிவுகட்டிவிடக் கூடாது. கலைஞர் தன் செயலின் தடத்தை மறைத்திருக்கிறாரா, நம் கண்ணில் படும்படி விட்டிருக்கிறாரா என்று பாருங்கள். விட்டிருந்தால், அது ஏன் என்று கேட்க இடம் இருக்கிறது.

இப்படிப் பார்ப்பதற்கு நல்ல உதாரணம் யார்?

எனக்கு முதலில் வருகிற பெயர் சோம்நாத் ஹோர். 1921-ல் சிட்டகாங்கில் பிறந்தவர். இரண்டாம் உலகப் போர்க் காலத்தில், 1943-ல், வங்காளத்தைப் பஞ்சம் சூறையாடியபோது இளைஞராக இருந்து பசியில் கிடந்தவர்களை வரைந்தார். அவை உருவங்கள், எலும்பும் தோலுமான மனிதர்கள். சுமார் 30 ஆண்டுகள் கழித்து, 1970-களில், அவர் 'காயங்கள்' என்ற வரிசையைச் செய்தார். அதில் மனிதர் இல்லை, பெரும்பாலும் மையும் இல்லை. வெள்ளைத் தாளில் வெள்ளைப் புண்.

செய்த விதத்தைக் கேளுங்கள். மிருதுவான களிமண் பரப்பைக் கத்தியால் கிழித்தார், குத்தினார், சூடான கம்பியால் பொசுக்கினார். அதிலிருந்து சிமெண்ட் அச்சு வார்த்தார். அந்த அச்சில் காகிதக் கூழைப் பரப்பி அழுத்திக் காயவிட்டு உரித்தார். அதாவது, ஏற்கெனவே இருந்த ஒரு தாளின்மேல் இந்தக் காயம் பதியவில்லை. தாள் உருவானதே காயத்தின் வடிவத்தில். அதற்கு முன் அந்தத் தாளுக்கு ஒரு முழுமையான நிலை இருந்ததே இல்லை. போருக்குள்ளும் பஞ்சத்துக்குள்ளும் பிறந்த குழந்தைகளை நினைக்காமல் என்னால் இதைப் பார்க்க முடிவதில்லை.

நேர் முன்னாலிருந்து வெளிச்சம் அடித்தால் இந்தப் படங்கள் மறைந்துவிடும். பக்கவாட்டு வெளிச்சத்தில்தான் பள்ளத்தில் நிழல் விழுந்து வடிவம் எழும்பும். கொஞ்சம் சாய்ந்து, நகர்ந்து பாருங்கள். பார்ப்பவர் நகர வேண்டியிருப்பதும் படத்தின் ஒரு பகுதி.

வெறும் கோட்டில் என்ன படிக்க முடியும்?

சரீனா ஹாஷ்மியின் ஒரு கோட்டைச் சொல்கிறேன். அலிகரில் 1937-ல் பிறந்தவர், பிரிவினையை 10 வயதில் கண்டவர். பின்னாளில் குடும்பம் கராச்சிக்குப் போய்விட்டது. பாரிஸில் ஸ்டான்லி ஹெய்டரின் அட்டெலியே 17 கூடத்தில் அச்சுக்கலை பயின்று, பல ஊர்களில் வாழ்ந்து, 2020-ல் லண்டனில் மறைந்தார். 2001-ல் அவர் செய்த 'பிரிக்கும் கோடு' ஒரு மரவெட்டு. வெளிறிய தாளில் வளைந்து நெளிந்து போகும் ஒரு கருப்புக் கோடு, இந்தியா பாகிஸ்தான் எல்லை. வேறெதுவும் இல்லை.

இப்போது முன்பு சொன்ன விதியை நினைவுபடுத்திக்கொள்ளுங்கள். மரத்தில் வெட்டிய இடம் வெள்ளை, விட்ட இடம் கருப்பு. பேனாவில் ஒரு கோடு போட ஒரே இழுப்பு போதும். மரவெட்டில் அந்த ஒற்றைக் கருப்புக் கோடு நிற்க வேண்டுமானால், அதன் இரண்டு பக்கத்து நிலத்தையும் உளியால் அள்ளி எடுத்தாக வேண்டும். எல்லைக்காக இரு பக்கமும் வெறுமையாகியிருக்கிறது. இதைக் கலைஞர் எழுதி விளக்க வேண்டியதில்லை, செயல்முறையே சொல்லிவிடுகிறது. எனக்கு இது புரிந்த நாளில் படத்தை விட்டு நகரவே மனம் வரவில்லை.

2003-ல் அவர் ஒன்பது மரவெட்டுகளில் சிதைந்த ஒன்பது நகரங்களை வைத்தார். சரயேவோ, க்ரோஸ்னி, பெய்ரூட், பாக்தாத், காபூல் எல்லாம் அதில் உண்டு. பெரும்பாலானவை மேலிருந்து பார்த்த தெருவமைப்பு போல இருக்கும். வரைபடம் பார்க்கத் தெரிந்தவருக்கு ஒரு கேள்வி எழ வேண்டும்: நகரத்தை இவ்வளவு உயரத்திலிருந்து பார்ப்பவர் யார்? குண்டு போடுகிற விமானமும் அங்கிருந்துதான் பார்க்கிறது. அந்தப் பார்வையையே எடுத்து, நிதானமாக, கையால் வெட்டிய மரத்தில் அவர் திருப்பிக் கொடுக்கிறார். நியூயார்க்குக்கு மட்டும் கருப்பில் இரண்டு மெல்லிய வெள்ளைச் செங்குத்துக் கோடுகள். அங்கே வெள்ளை என்றால், மரத்தில் எடுக்கப்பட்ட இடம்.

கருப்பு என்றால் துக்கம், சிவப்பு என்றால் ரத்தமா?

அவசரப்பட வேண்டாம். கருப்பு அச்சுக்கூடத்தின் அன்றாட மை, அது எதையும் குறிக்காமலும் இருக்கலாம். நிறத்தைவிட அது எங்கே எப்படி விழுந்திருக்கிறது என்பது முக்கியம். சிவப்பு மற்ற மைக்கு அடியில் இருக்கிறதா, மேலே வந்து மூடியிருக்கிறதா? தகட்டின் விளிம்புக்குள் நிற்கிறதா, தாண்டிப் போகிறதா? இதைக் கவனித்தபின் ரத்தம் என்றுதான் தோன்றினால், தோன்றட்டும்.

தலைப்பை முதலில் படிக்கலாமா?

நான் பிறகுதான் படிப்பேன். ஐந்து நிமிடம் படத்தோடு மட்டும் இருந்துவிட்டு, தலைப்பைப் படித்து, மறுபடி ஐந்து நிமிடம். இரண்டு பார்வைக்கும் நடுவில் எது மாறியது என்பதைக் குறித்துக்கொள்வேன்.

கலைஞரின் வாழ்க்கை தெரியாமல் படிக்க முடியுமா?

முடியும். தெரிந்தால் நல்லது, ஆனால் தெரிந்ததை வைத்துப் படத்தைப் பூட்டிவிடக் கூடாது.

அல்பெர்டோ புர்ரி இத்தாலியப் படையில் மருத்துவர். 1943-ல் துனிசியாவில் பிடிபட்டு, டெக்சாஸில் ஹெரிஃபோர்டு முகாமில் கைதியாக இருந்தபோது ஓவியம் தொடங்கினார். பின்னால் கிழிந்த சாக்குகளைத் தைத்துப் படமாக்கினார், நெருப்பால் எரித்தார், 1960-களில் அந்த எரிந்த தோற்றத்தை எட்சிங் தகட்டுக்கும் கொண்டுவந்தார். பார்த்தவர்கள் எல்லாரும் கட்டுத்துணி என்றார்கள், தையல் போட்ட புண் என்றார்கள். மருத்துவர் வேறு, கேட்க வேண்டுமா? அவரோ அந்த வாசிப்புகளை ஏற்கவில்லை. நான் இதில் இரண்டு பக்கத்தையும் விட மாட்டேன். என்ன நினைத்துச் செய்தார் என்பதில் அவர் சொல் கடைசிச் சொல். தாளில் என்ன தெரிகிறது என்பதில் நம் கண்ணுக்கும் பங்கு உண்டு. 'அவர் காயத்தைச் சொல்கிறார்' என்று எழுதாமல் 'எனக்குக் காயம் தெரிகிறது' என்று எழுதினால் போதும். இரண்டும் ஒன்று போலத் தோன்றும், ஆனால் பொறுப்பு யார் தலையில் என்பது மாறிவிடுகிறது.

ஜப்பானின் ஓன்சி கோஷிரோவின் கதை இன்னும் கடினம். போர் முடிந்தபின் அவர் செய்த அச்சோவியங்கள் பெரும்பாலும் அரூபம். இலை, நூல், காகிதத் துண்டு என்று கையில் கிடைத்ததில் எல்லாம் மை தடவிப் பதித்தார். தோற்று எரிந்துபோன நாட்டின் மிச்சங்கள் என்று உருகத் தோன்றும். ஆனால் அதே ஓன்சி 1939-ல் போர் ஓவியராகச் சீனாவுக்குப் போய் வந்தவர், 1943-ல் அரசின் போர் முயற்சிக்குத் துணையாக அமைந்த அச்சுக்கலைஞர் சங்கத்துக்குத் தலைமை தாங்கியவர். அந்தப் படங்களின் மௌனத்தில் இழப்பு இருக்கலாம், சொல்ல விரும்பாத வேறு ஒன்றும் இருக்கலாம். அரூபம் துக்கத்துக்கு இடம் கொடுப்பது போலவே மறைவுக்கும் இடம் கொடுக்கும். படம் நமக்குப் பிடித்திருக்கிறது என்பதற்காக இதைச் சொல்லாமல் விட்டால், சீனாவில் மறுமுனையில் இருந்தவர்களுக்கு நாம் என்ன பதில் சொல்வது?

கீழே பென்சிலில் 7/25 என்று இருக்கிறதே?

இருபத்தைந்து பிரதிகளில் ஏழாவது என்று பொருள். எடுத்து முடித்தபின் தகட்டின் குறுக்கே கீறிச் செல்லாததாக்கும் வழக்கமும் உண்டு. போர் சார்ந்த கலையில் இந்தப் 'பல பிரதி' விஷயத்துக்குத் தனி எடை உண்டு. ஒன்று எரிந்தாலும் இன்னொன்று எங்கோ இருக்கும், ஒன்றைப் பறித்தாலும் மற்றவை பேசும். 1939-ல் ஸ்பெயின் போரில் பாதிக்கப்பட்ட குழந்தைகளுக்கு நிதி திரட்ட ஹெய்டர் ஓர் அச்சோவியத் தொகுப்பு கொண்டுவந்தார். ஓவியர்கள் காண்டின்ஸ்கியின் அரூப அச்சோவியம் ஒன்றும் மீரோவின் படமும் அதில் இருந்தன. ஒற்றை ஓவியத்தால் இப்படிப் பல கைகளுக்குப் போக முடியாது. மாறாக, ஓன்சி பல படங்களில் சில பிரதிகளோடு நிறுத்திக்கொண்டார். எத்தனை எடுக்கப்பட்டது என்பதையும் படத்தோடு சேர்த்துப் படியுங்கள்.

இவ்வளவு பயங்கரத்தைப் பற்றிய படம் அழகாக இருப்பது தவறில்லையா?

இந்தக் கேள்வி என்னையும் விடுவதில்லை. ஹோரின் வெள்ளைத் தாள் அழகாகத்தான் இருக்கிறது, தொட்டுப் பார்க்கத் தோன்றுகிறது. தொட நினைத்த கை அது புண் என்று தெரிந்ததும் தயங்குகிறது. அந்தத் தயக்கத்தைப் படம் நமக்குள் உண்டாக்குகிறது என்றால் அழகு தன் வேலையைச் செய்திருக்கிறது என்பேன். எந்தத் தயக்கமும் இல்லாமல் சுவருக்குப் பொருத்தமான சாம்பல் நிறம் என்று மட்டும் ஒரு படம் நின்றுவிட்டால், அதை நான் நம்புவதில்லை.

எனக்கு ஒன்றுமே தோன்றவில்லை. குறை என்னிடமா?

இல்லை. எல்லாப் படமும் எல்லாரிடமும் பேசாது. எல்லா அரூபப் படமும் நல்ல படமும் இல்லை.

நான் போரை நேரில் அனுபவித்தவர். இந்த விளக்கங்கள் எனக்கு ஒட்டவில்லை.

அப்படியானால் விளக்கத்தை விடுங்கள். உங்கள் பார்வைக்கு யாருடைய அனுமதியும் வேண்டாம். வெறும் கட்டம் போட்ட ஒரு படத்தில் உங்களுக்கு ஒரு குறிப்பிட்ட அறையின் ஜன்னல் தெரிந்தால், அது கலை விமர்சனத்தில் இல்லை என்பதால் பொய்யாகிவிடாது. ஒரு படத்தின் முன் நிற்க முடியாமல் விலகிப் போனால், அதுவும் அந்தப் படத்தைப் பார்த்த விதம்தான். கூட வந்தவர்கள் ஏன் என்று கேட்டுத் துருவாமல் இருப்பது நல்லது. மறுபக்கம், போரைப் பார்க்காத நாங்கள், உங்கள் அனுபவத்தை இந்தத் தாள் முழுக்கச் சொல்லிவிட்டது என்று எழுதும் உரிமையை எடுத்துக்கொள்ளக் கூடாது.

திரையில் பார்த்தால் போதாதா?

அறிமுகத்துக்குப் போதும். ஆனால் தகட்டின் விளிம்பு தாளில் பதித்த பள்ளம், மை மேடிட்டு நிற்கும் இடம், புடைப்பு, தாளின் கனம் எல்லாம் திரையில் தட்டையாகிவிடும். ஹோரின் வெள்ளைப் படங்கள் திரையில் வெறும் சாம்பல் திட்டு. நேரில் பார்க்க வாய்ப்பில்லை என்றால், பக்க வெளிச்சத்தில் எடுத்த படத்தைத் தேடுங்கள், அளவையும் பார்த்துக்கொள்ளுங்கள். உள்ளங்கை அளவுப் படமும் கதவளவுப் படமும் திரையில் ஒரே அளவில்தான் தெரியும்.

பார்த்ததை எழுத நினைக்கிறேன். எப்படித் தொடங்க?

வினைச்சொற்களிலிருந்து தொடங்குங்கள். வெட்டியிருக்கிறார், பொசுக்கியிருக்கிறார், மூன்று முறை ஒன்றன்மேல் ஒன்றாக அச்சிட்டிருக்கிறார், வலது மூலையைத் தொடாமல் விட்டிருக்கிறார். 'போரின் அவலத்தை வெளிப்படுத்தும் உணர்வுபூர்வமான படைப்பு' என்று எழுதினால் அது எந்தப் படத்துக்கும் பொருந்தும். 'மேல் பாதியில் உளி ஒரே திசையில் போகிறது, நடுவில் திடீரென்று நின்று, கீழே பலகையைத் தொடவே இல்லை' என்று எழுதினால், படிப்பவர் அந்தப் படத்தைத் தேடிப் போய் நடுவில் அந்த இடத்தைப் பார்ப்பார்.